கழுத்தில் இரண்டாவது எலும்பு

ஆஸ்பத்திரியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் சிற்றூழியர்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். முப்பத்தொரு வருடம் ட்ரொலி தள்ளினேன். தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன். படுக்கை விரிப்பது, ஒட்சிசன் சிலிண்டர் மாற்றுவது எல்லாம் ஓவர்சியர் காட்டித் தருவார். நான் எழுதப்போவது முதுகெலும்பைப் பற்றி.

டொக்டர்மார் அதைப் படித்துவிட்டுத் தொடுகிறார்கள். நாம் படிக்காமலே தூக்குகிறோம். ஆளை முதலில் தூக்குவது நாம்தான். வாகனத்திலிருந்து இறக்குவதும் நாம்தான். அதனால்தான் சொல்கிறேன்.

ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். கண்டியிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம். சுற்றிலும் தேயிலைத் தோட்டம். வருகிறவர்களில் பாதிப் பேர் தோட்டத்து ஆட்கள்.

முதலில் என் பிழையைச் சொல்லிவிடுகிறேன்.

வேலைக்கு வந்து இரண்டாவது வருடம். பலா மரத்திலிருந்து விழுந்த ஒருவரைக் கொண்டு வந்தார்கள். ஐம்பது வயதிருக்கும். வாசலில் இறக்கும்போது இரண்டு காலையும் ஆட்டினார். என் கண்ணால் பார்த்தேன். டொக்டர் பார்த்துவிட்டு, அசைக்காமல் வைக்கும்படி கட்டில் டிக்கெட்டில், அதாவது நோயாளியின் குறிப்புத் தாளில், எழுதியிருக்கிறார். அது இங்கிலீஷில் இருந்தது. நான் யாரிடமும் கேட்கவில்லை.

வாட்டில் அவர் தண்ணீர் கேட்டார். படுத்த வாக்கில் குடித்தால் புரையேறும் என்று நினைத்தேன். இரண்டு கக்கத்திலும் கை கொடுத்து உட்கார வைத்தேன். அவர் கத்தவில்லை. தண்ணீரைக் குடித்தார். திரும்பவும் படுக்க வைத்தேன். டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்தபோது என்னைக் கூப்பிட்டார்.

“தம்பி, எங் கால் மேல யாரோ ஒக்காந்திருக்க மாரி இருக்கு. யாருன்னு பாருங்க.”

போர்வையைத் தூக்கிப் பார்த்தேன். யாரும் இல்லை.

அந்தக் கால்கள் அதற்குப் பிறகு அசையவில்லை.

நடந்ததை நானே போய் டொக்டரிடம் சொன்னேன். அவர் என்னைவிட வயதில் குறைந்த பெண். ஏசவில்லை. மேலிடத்துக்கு எழுதிப் போடவும் இல்லை. நீங்கள் உட்கார வைக்காவிட்டாலும் அப்படி ஆகியிருக்கலாம், ஆகாமலும் இருந்திருக்கலாம், இனி யாருக்கும் தெரியப்போவதில்லை என்றார். அடுத்த நாள் மத்தியானம் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுகிற பிளாஸ்டர் அறைக்கு என்னை வரச் சொன்னார். அங்கே ஒரு கம்பியில் பிளாஸ்டிக் முதுகெலும்பு ஒன்று தொங்கியது. தினமும் அதைத் தாண்டித்தான் கூட்டிப் பெருக்குவேன். அதை எண்ணச் சொன்னார்.

எண்ணினேன். கழுத்தில் ஏழு. அதற்குக் கீழே விலா எலும்பு வந்து சேருகிற பன்னிரண்டு. இடுப்பில் ஐந்து. அதற்கும் கீழே ஐந்து, ஆனால் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே முக்கோணமாக இருக்கும். கடைசியில் வால் மாதிரி துண்டு துண்டாக மூன்று நாலு. ஒட்டாத எலும்புகளுக்கு நடுவே ரப்பர் வாஷர் மாதிரி மெத்தை. மேலே இருக்கிற இரண்டுக்கும் நடுவில் மட்டும் அது கிடையாது.

ஒவ்வொரு எலும்புக்கும் பின்னால் ஒரு ஓட்டை. ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினால் அந்த ஓட்டைகள் சேர்ந்து ஒரு குழாய் ஆகிவிடும். டொக்டர் சேலைன் ட்யூப் ஒன்றை எடுத்து அதற்குள் மேலிருந்து விட்டார். இதுதான் நரம்புத் தண்டு என்றார். நம் சின்ன விரல் தடிமன். இடுப்பில் முதல் எலும்பு வரைக்கும்தான் அது வருகிறது. அதற்குக் கீழே நூல் நூலாகப் பிரிந்துவிடுகிறது.

பலா மரத்துக்காரருக்கு உடைந்தது விலாவின் பன்னிரண்டாவது எலும்பும் இடுப்பின் முதல் எலும்பும் சேருகிற இடம். மேலே விலாக்கூடு இருப்பதால் விறைப்பாக நிற்கும். கீழே வளையும். தோட்டத்து ட்ராக்டரையும் பெட்டியையும் கொளுவுகிற இடம் இருக்கிறதல்லவா, அது மாதிரி. அடி அங்கேதான் வந்து விழும். நான் அவரை உட்கார வைத்தபோது மடங்கியதும் அந்த இடம்தான்.

பிறகு கழுத்துக்கு வந்தார். மேலே முதல் எலும்பு வெறும் வளையம். மண்டை அதன் மேல் உட்கார்ந்திருக்கிறது. இரண்டாவது எலும்பிலிருந்து ஒரு முளை மேலே எழும்பி அந்த வளையத்துக்குள் நிற்கிறது. முளை என் சுண்டு விரல் நுனி அளவுதான். ஆமாம் என்று தலையை ஆட்டுவது முதல் எலும்பில். இல்லை என்று ஆட்டுவது இரண்டாவதில். வளையம் அந்த முளையைச் சுற்றித் திரும்புகிறது.

“மூச்சு விடுற நரம்பு இதுக்குக் கீழதான் வெளிய வருது. மூணு, நாலு, அஞ்சாவது எலும்புகிட்ட. முள ஒடஞ்சு வளையம் நழுவிட்டா தண்டு நசுங்கிரும். அப்ப மூச்சு நிக்கும். காலு போறது மாதிரி இல்ல இது. ஆளே போயிரும்.”

அவ்வளவுதான் அவர் சொன்னது. நாலு மாதத்தில் மாற்றலாகிப் போனார். பிறகு பார்க்கவில்லை. நான் வேலை இல்லாத நேரம் பிளாஸ்டர் அறைக்குப் போய் எண்ணுவேன். யாரும் சொல்லிச் செய்யவில்லை. பலா மரத்துக்காரர் இரண்டு மாதம் எங்கள் வாட்டில்தான் கிடந்தார். தினமும் அவருக்குத் தண்ணீர் கொடுத்தேன். படுத்த வாக்கிலேயே, கரண்டியால். புரையேறவில்லை.

இனி மற்றது. இது நான் ஓய்வுபெற நாலு வருடம் இருக்கும்போது நடந்தது.

திங்கட்கிழமை காலை. வெளிநோயாளர் பிரிவின் கதவில் எனக்கு வேலை. நம்பர் கூப்பிட்டு ஆளை உள்ளே விட வேண்டும். மழை பெய்துகொண்டிருந்தது. உட்காரும் வாங்குகளில் இடமில்லாமல் சுவரோடு நின்றார்கள். டொக்டர் ஒரே ஒருவர். யாழ்ப்பாணப் பக்கத்துப் பையன். வந்து மூன்று மாதம்.

இரண்டு பெண்கள் நனைந்து வந்தார்கள். ஒருத்திக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். தவமணி என்று பெயர். கொழுந்து பறிக்கிறவர். மற்றவள் கமலா, தவமணியின் புருஷனுடைய தங்கை. தவமணி ஒரு கையை நாடிக்குக் கீழேயும் மற்றக் கையைப் பின்மண்டையிலும் கொடுத்து, தலையை ஒரு பானையைப் பிடிப்பது போலப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார். பல் வலி என்றுதான் நானும் நினைத்தேன். கமலா நம்பர் துண்டு வாங்கினாள். நாற்பத்தொன்பது. அப்போது உள்ளே போயிருந்தது பன்னிரண்டு. வாங்கில் ஒருவர் எழும்பித் தவமணிக்கு இடம் விட்டார்.

கமலா கன்டீனில் பிளேன்டீ வாங்கி வந்து நீட்டினாள். தவமணி கையை எடுக்கவில்லை.

“அண்ணி, ஒரு கையயாச்சும் எறக்குங்க. மகாராணிக்கு ஊட்டி வேற விடணுமா?”

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். தவமணி சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. கமலா டம்ளரை வாயில் வைத்தாள். தலையைச் சாய்க்க முடியாததால் பாதி கழுத்தில் வழிந்தது. சூடாக இருந்திருக்கும். அதைத் துடைக்கக்கூட கை வரவில்லை.

எனக்கு அப்போதுதான் உறுத்தியது. சூடு பட்டால் கை தானாகப் போகும். இந்தக் கை போகவில்லை.

வரிசையில் எங்கள் கடைவீதியில் சலூன் வைத்திருப்பவர் ஒருவர் இருந்தார். பெருவிரலில் பிளேடு வெட்டி, கட்டு மாற்ற வந்திருந்தார். நானும் அவரிடம்தான் முடி வெட்டுகிறேன். முடி வெட்டி முடிந்ததும் தலையைத் தேய்த்துவிட்டு, நாடியைப் பிடித்து இந்தப் பக்கம் ஒரு சொடுக்கு, அந்தப் பக்கம் ஒரு சொடுக்கு எடுப்பார். சுகமாக இருக்கும். கழுத்துச் சுளுக்கென்றால் தோட்டத்து லய வீடுகளில் இருக்கிறவர்கள் டிஸ்பென்சரிக்குப் போகமாட்டார்கள், அவரிடம் போவார்கள். அவர் எழும்பி வந்து தவமணியைச் சுற்றிப் பார்த்தார்.

“சுளுக்கும்மா. நல்லா புடிச்சிருக்கு. எப்பருந்து?”

சனிக்கிழமையிலிருந்து என்று கமலா சொன்னாள். கொழுந்துப் பையின் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு சரிவில் இறங்கும்போது வழுக்கியிருக்கிறது. ஆள் ஒரு பக்கம் போக, நிறைந்த பை தேயிலைச் செடியில் மாட்டி நின்றுவிட்டது. கயிறு தலையைப் பின்னால் வெட்டி இழுத்திருக்கிறது. தவமணி எழும்பி, கயிற்றைக் கழற்றி, பையைக் கையில் தூக்கிக்கொண்டு போய்க் கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டுத்தான் லயத்துக்குப் போயிருக்கிறார். அன்றைக்கும் மறுநாளும் எண்ணெய் போட்டுத் தடவினார்கள். குறையவில்லை.

“இதுக்கு என்னத்துக்கு நாப்பத்தொன்பது வரைக்கும் ஒக்காந்திருக்கீங்க. ஒரு சொடுக்கு எடுத்தா வீட்டுக்குப் போயிறலாம்” என்றார் சலூன்காரர்.

கமலாவுக்கு அது பிடித்துப்போனது. எடுத்துவிடச் சொன்னாள். பத்தரை பஸ்ஸைப் பிடிக்கலாம் என்றாள். வரிசையில் இருந்தவர்களும் அவர் கைராசியைப் பற்றிச் சொன்னார்கள். அவர் தவமணிக்குப் பின்னால் போய் நின்று, உள்ளங்கையைத் தேய்த்துச் சூடாக்கி, நாடிக்குக் கை கொடுத்தார்.

“அண்ணே, கொஞ்சம் இருங்க” என்றேன்.

எதற்கு என்று கேட்டார். எனக்கே தெரியாது. தவமணியின் பக்கத்தில் குனிந்தேன். கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். ராத்திரி எப்படிப் படுத்தீர்கள் என்று கேட்டேன். கண்ணைத் திறக்காமலே பதில் சொன்னார். உதடு மட்டும்தான் அசைந்தது.

“படுக்கல. செவுத்துல சாஞ்சு ஒக்காந்திருந்தேன். ரெண்டு ராத்திரியும்.”

“ஏன்?”

“படுக்கப் போனா தல கழண்டு விழுந்துர்ற மாரி இருக்கு.”

வலியைச் சொல்கிற வார்த்தைகள் எல்லாம் நமக்குத் தெரியும். குத்துது, கடுக்குது, விண் விண்ணென்று தெறிக்குது. அதையெல்லாம் கேட்டுக் கேட்டுக் காது மரத்துவிடும். கழன்று விழுகிற மாதிரி என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

தொட வேண்டாம் என்று சலூன்காரரிடம் சொன்னேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

“இருவது வருஷமா ஒங் கழுத்தயுந்தான் ஒடிச்சிருக்கேன். செத்தா போயிட்ட?”

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சொன்னது உண்மை. 

“எங் கழுத்த நாளைக்கு வந்து காட்டுறேன். இவங்கள விட்ருங்க.”

அவர் கையை எடுத்தார். நான் அவர் நின்ற இடத்தில் போய் நின்றேன். தவமணியின் கைகளுக்கு மேலே என் கைகளை வைத்தேன். அந்த விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. இரண்டு நாளாகப் பிடித்துப் பிடித்துச் சோர்ந்துபோன நடுக்கம். இன்னும் கொஞ்ச நேரத்தில் அவை தானாகவே விட்டுவிடும் என்று தெரிந்தது. நாற்பத்தொன்பது வரை தாங்காது.

நான் பிடித்திருக்கிறேன், நீங்கள் மெதுவாகக் கையை எடுங்கள் என்றேன்.

“விட்ற மாட்டீங்களே?”

“மாட்டேன்.”

முதலில் ஒரு கை. கொஞ்சம் பொறுத்து மற்றது. இரண்டும் மடியில் விழுந்தன. தலையின் முழுப் பாரமும் என் கைக்கு வந்தது. ஒரு மனிதத் தலை எவ்வளவு பாரம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்த நிமிஷத்திலிருந்து நான் எங்கேயும் போக முடியாது. கதவில் ஆள் இல்லை. நம்பர் கூப்பிடவும் ஆள் இல்லை. வரிசையில் சத்தம் வந்தது. கமலாவை உள்ளே அனுப்பி டொக்டரைக் கூட்டி வரச் சொன்னேன்.

டொக்டர் வெளியே வந்தார். ஏன் ஆட்களை விடவில்லை என்று கேட்டுக்கொண்டே வந்தவர், என்னைப் பார்த்து நின்றுவிட்டார்.

“என்ன, தலையைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறியள்? கையை எடுங்கோ. நான் பாக்கோணும்.”

“எடுக்க மாட்டேன் சேர்.”

இருபத்தேழு வருடத்தில் ஒரு டொக்டரிடம் நான் அப்படிச் சொன்னதில்லை.  அவர் முகம் சிவந்தது. ஏன் என்று கேட்டார்.

“ரெண்டு நாளா படுக்கல சேர். கையாலதான் தலைய தூக்கி வச்சிருந்தாங்க. சூடு பட்டும் கைய எடுக்கல.”

அவர் என்னைப் பார்த்தார். தவமணியைப் பார்த்தார். கோபப்பட்டிருக்கலாம். படவில்லை. முன்னால் முழங்காலில் உட்கார்ந்து விரலை அசைக்கச் சொன்னார். கால் விரலையும் அசைக்கச் சொன்னார். எல்லாம் அசைந்தன.

“எல்லாம் அசையுது” என்றார்.

“அசையும் சேர். அசைஞ்சதுக்குப் பொறகு நின்னத நான் பாத்திருக்கேன்.”

எங்கே எப்போது என்று அவர் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் அந்தப் பெண்ணின் உயிர் தப்பியது. என்னால் இல்லை. அவர் வயதில் ஒருவர் இத்தனை பேர் பார்க்க ஒரு அட்டெண்டனின் பேச்சைக் கேட்பது லேசான காரியம் இல்லை.

“ஓம். அப்பிடியே பிடியுங்கோ. எக்ஸ்ரே எடுப்பம்.”

எங்களிடம் இருந்த கழுத்துப் பட்டி ஆம்பிளை அளவு. மாட்டிப் பார்க்கவே அசைக்க வேண்டும். டொக்டர் வேண்டாம் என்றார். தலைப்பக்கம் உயர்த்துகிற ட்ரொலியைக் கொண்டுவந்து, உட்கார்ந்த வாக்கிலேயே ஏற்றி, பலகையைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினோம். இறங்க இறங்க என் கையும் கூடவே இறங்கியது. வாயைத் திறக்க வைத்து ஒரு படம் எடுத்தார்கள். கதிர் படாமல் இருக்க ஈய அங்கியைப் போட்டுக்கொண்டு நான் பிடித்தபடிதான் நின்றேன். என் விரல்களும் அந்தப் படத்தில் விழுந்திருந்தன.

டொக்டர் படத்தைக் கொண்டுவந்து என் காதுக்குப் பக்கத்தில் மெதுவாகச் சொன்னார்.

“இரண்டாவது எலும்பின்ர முளை முறிஞ்சு போச்சு. கண்டிக்கு அனுப்புறன். விட்டிடாதையுங்கோ.”

வெளியே வாங்கில் சலூன்காரர் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருடைய நம்பர் எப்போதோ போயிருந்தது. கமலாவிடம் விஷயத்தைச் சொன்னார்கள். அவள் பிளேன்டீ டம்ளரைக் கன்டீனில் கொடுத்துவிட்டு வந்தாள். பிறகு, விளையாட்டுக்குத்தான் அப்படிச் சொன்னேன் என்று யாரும் கேட்காமலே சொன்னாள்.

அம்புலன்ஸில் நாலு பேர். கட்டிலில் தவமணி. தலைமாட்டில் நான். ஒரு பக்கம் தாதி, மற்றப் பக்கம் கமலா. காதுகளுக்கு இரண்டு பக்கமும் மண் பை வைத்துக் கட்டியிருந்தது. ஆனாலும் நான் கையை எடுக்கவில்லை. அந்தப் பாதை உங்களுக்குத் தெரியும். ஐம்பது கஜத்துக்கு ஒரு வளைவு. ட்ரைவரிடம் தாதி சிங்களத்தில் சொல்லி வைத்திருந்தார். அவரும் மாட்டு வண்டி மாதிரித்தான் ஓட்டினார். இருந்தாலும் வளைவு வளைவுதான்.

பாதி வழியில் தவமணிக்குக் குமட்டியது. முகம் வெளுத்து, தொண்டை அசைவதை என் விரலில் உணர்ந்தேன். வாந்தி வருதுங்க என்றார்.

மல்லாந்து படுத்திருக்கிற ஆள் வாந்தி எடுத்தால் என்ன செய்வோம்? தலையை ஒரு பக்கம் திருப்புவோம். நாம் எல்லோருக்கும் பழக்கம் அது. கை தானாகப் போகும். தாதி அனுபவமுள்ளவர், நல்லவர். அவர் கையும் தலைக்குத்தான் வந்தது.

“தல வேணாம் மிஸ்” என்றேன். “உடம்போட சேத்து. நான் சொல்லும்போது.”

திருப்பாவிட்டால் மூச்சுக்குழாயில் போய்ச் சாகலாம். தலையை மட்டும் திருப்பினால் முளை நழுவிச் சாகலாம். யோசிக்க நேரமில்லை. ட்ரைவரை அந்த இடத்திலேயே நிறுத்தச் சொன்னேன். வளைவில் நிறுத்த முடியாது, பின்னால் பஸ் வருகிறது என்றார். நிறுத்துங்கள் என்று தாதி கத்தினார். நின்றது.

மண் பைகளை எடுத்தோம். தாதிக்குத் தோள். கமலாவுக்கு இடுப்பும் காலும்.  இடுப்பை இறுக்கிப் பிடி, நான் மூன்று சொன்னதும் உன் பக்கம் இழு, எனக்கு முந்தியும் வேண்டாம் பிந்தியும் வேண்டாம் என்றேன்.

“எனக்குப் பயமா இருக்குண்ணே.”

“பயந்துகிட்டே இழு.”

ஒன்று, இரண்டு, மூன்று. மரக்கட்டையைப் புரட்டுவது போல, மூக்கும் நெஞ்சும் தொப்புளும் ஒரே கோட்டில், ஒன்றாகத் திருப்பினோம். தவமணி கமலாவின் மடியில்தான் வாந்தி எடுத்தார். கமலா அசையவில்லை. பின்னால் பஸ்ஸும் லொறியும் ஹோர்ன் அடித்துக்கொண்டே இருந்தன. தாதி வாயைத் துடைத்தார். திரும்பவும் எண்ணி, திரும்பவும் ஒன்றாக மல்லாத்தினோம். கால் விரலை ஆட்டச் சொன்னேன். ஆட்டினார். பிறகுதான் ட்ரைவரைப் போகச் சொன்னேன்.

தூக்கும்போதும் புரட்டும்போதும் தலையைப் பிடித்திருக்கிறவன்தான் எண்ண வேண்டும். அவன் அட்டெண்டனாக இருந்தாலும் சரி. அந்த நேரம் மற்ற எல்லோரும் அவன் சொல்வதைக் கேட்க வேண்டும். நீங்கள் தலையைப் பிடித்தால் வாயைத் திறந்து சத்தமாகச் சொல்லுங்கள். கூச்சப்பட வேண்டாம். வேறொருவர் பிடித்திருந்தால் வாயை மூடிக்கொண்டு அவர் சொல்வதைச் செய்யுங்கள்.

பேராதனையில் வாகன நெரிசல். கண்டிக்குப் போய்ச் சேர மத்தியானம் ஆகிவிட்டது. அங்கே ஆறேழு பேர் தயாராக நின்றார்கள். எங்கள் டொக்டர் போன் பண்ணியிருந்தார். பெரிய டொக்டர் ஒருவர் என் கைகளுக்குக் கீழே தன் கைகளை நுழைத்து, நான் பிடித்துவிட்டேன், நீங்கள் எடுக்கலாம் என்று சிங்களத்தில் சொன்னார். என்னால் எடுக்க முடியவில்லை. விரல்கள் மடங்கியபடியே இறுகிவிட்டன. தாதி ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிட்டார். தவமணியை உள்ளே கொண்டுபோனார்கள்.

அம்புலன்ஸ் முன்னாலேயே திரும்பிவிட்டது. நான் பஸ்ஸில் வந்தேன்.

மறுநாள் ஓவர்சியர் விளக்கம் கேட்டார். மூன்று மணி நேரத்துக்கு மேல் வேலை இடத்தில் இல்லை, என் வேலையையும் சேர்த்து இன்னொருவர் பார்க்க வேண்டி வந்தது, எழுத்தில் கொடு என்றார். அவர் கேட்டது சரிதான். எழுதிக் கொடுத்தேன். நோயாளியின் தலையைப் பிடித்திருந்தேன், விட முடியவில்லை என்று. வாசித்துவிட்டு ஃபைலில் போட்டார்.

இதை நான் கெட்டிக்காரன் என்று காட்ட எழுதவில்லை. எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? சலூன்காரர் கடை முழுக்கச் சொல்லிச் சிரித்திருப்பார். டொக்டர் ஏசியிருப்பார். ஓவர்சியர் இன்னும் இரண்டு வரி கேட்டிருப்பார். அவ்வளவுதான். மற்றப் பக்கம் என்ன இருந்தது என்று சொல்லிவிட்டேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சந்தேகம் வந்தால் சிரிப்பு வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கு ஒரு நாள்தான் ஆயுள்.

சலூன்காரர் இப்போது யாருக்கும் சொடுக்கு எடுப்பதில்லை. கேட்டால், பெருவிரலில் காயம் என்கிறார். காயம் எப்போதோ ஆறிவிட்டது. 

தவமணியைப் பற்றித் தாதிதான் விசாரித்துச் சொன்னார். மண்டையில் இரும்பு வளையம் பூட்டி மூன்று மாதம் வைத்தார்கள். எலும்பு கூடவில்லை. பிறகு ஒப்பரேஷன் செய்து, மேலே உள்ள இரண்டு எலும்புகளையும் ஆணி வைத்து ஒன்றாக்கிவிட்டார்கள். உயிருக்கு இனிப் பயமில்லை. கை கால் எல்லாம் சரி. கழுத்து மட்டும் பாதிதான் திரும்பும். கொழுந்து பறிக்க மலைக்குப் போக வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். தோட்டத்தில் பிள்ளைக் காம்பராவில் வேலை கொடுத்திருக்கிறார்கள். கொழுந்துக்குப் போகிற தாய்மாரின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற வேலை.

அடுத்த வருடம் ஒரு நாள் தவமணி வந்தார். பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போடுகிற நாள். இடுப்பில் ஒன்றரை வயதுப் பிள்ளை ஒன்று. காம்பராப் பிள்ளை. நான் கதவில் நின்றேன். ஊசி போடுகிற இடம் எது என்று என்னிடம்தான் கேட்டார். என்னை அடையாளம் தெரியவில்லை. தெரிய வழியில்லை. அன்றைக்கு முழுவதும் கண்ணை மூடியிருந்தார். திறந்த நேரத்திலும் அம்புலன்ஸ் கூரையையும் தலைகீழாக என் நாடியையும்தான் பார்த்திருப்பார். நானும் சொல்லவில்லை. இடது பக்க நடைவழியைக் கையால் காட்டினேன்.

தலை முழுதாகத் திரும்பாததால், கால் எடுத்து வைத்து முழு உடம்பையும் அந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தார். இடுப்பில் இருந்த பிள்ளை அவருடைய கொண்டையை இரண்டு கையாலும் பிடித்து முழு பலத்தோடு இழுத்துக்கொண்டிருந்தது. அவர் அதைத் தடுக்கவில்லை. இழுக்க விட்டுவிட்டு நடந்து போனார்.